பச்சைத் தோலும் பதனிட்ட மனமும்

ஆம்பூர் ரயிலடிக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஷூ கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த நேரம். வாணியம்பாடியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் என் அக்கா மகள் ரயிலை விட்டு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள்.

“மாமா, ஒரு அசைன்மென்ட் குடுத்துக்கிறாங்க. டிஸ்டோபியா நாவல்ல மனுசங்கள எப்படிப் பழக்கி எடுக்கிறாங்க, அதுல அவங்க நேர்மை எப்படிக் கெட்டுப் போவுதுன்னு எழுதணும். நாலு நாவல் படிச்சிட்டேன். படிக்கும்போது பயமாத்தான் கீது. ஆனா எல்லாம் எங்கியோ லண்டன்ல நடக்கிற கதை. நம்ம பக்கத்துல இருந்து ஒரு உதாரணம் வேணுமாம். அதுக்கு நான் எங்க போறது?”

“எங்கியும் போவாத கண்ணு. ரெண்டு டீ சொல்லு” என்றேன்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் இலக்கிய வாத்தியார் இல்லை. தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவன். சாயங்காலத்தில் நூலகத்தில் கிடைத்ததை எடுத்துப் படித்தவன். ஆனால் இந்தத் தலைப்பில் எனக்குச் சொல்ல இருக்கிறது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் அதில் இருக்கிறது.

டிஸ்டோபியா என்றால் கெட்டுப்போன எதிர்காலத்தைப் பற்றிய கதை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். கெட்டுப்போயிருக்கிறது என்பது படிக்கிற நமக்குத் தெரிகிறது. அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களைக் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்பார்கள். சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை எங்கள் தலைமுறை வாரம் தவறாமல் படித்தது. அதில் குடிமக்களின் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலா, சிபி, ரவி, அவ்வளவுதான். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அதைப் படித்தபோது என்னைத் திகைக்க வைத்தது சட்டம் இல்லை. பெயர் சுருங்கிப்போனதைப் பற்றி அந்த ஊரில் சாதாரண ஜனம் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை என்பதுதான்.

மிரட்டிப் பணிய வைப்பது வேறு, பழக்கிப் பணிய வைப்பது வேறு. மிரட்டுவதற்குக் காவல்காரன் வேண்டும். அவனுக்குச் சம்பளம், அவனைக் கண்காணிக்க இன்னொருவன். பழக்கிவிட்டால் இந்தச் செலவெல்லாம் மிச்சம். ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற மருத்துவ அறிஞர் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு வாங்கினார். தீனி வருவதற்கு முன்பே, தீனிக்கு முன்னால் கேட்கும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். 1920-இல் அமெரிக்காவில் வாட்சன் என்பவர் இதை ஒரு கைக்குழந்தையிடம் செய்து பார்த்தார். ஒரு வயது நிரம்பாத பிள்ளை. வெள்ளை எலியைக் கண்டு பயப்படாமல் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அது எலியைத் தொடும்போதெல்லாம் முதுகுப் பக்கம் ஒரு இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைக்குப் பிறகு சத்தமே வேண்டியிருக்கவில்லை. எலியைப் பார்த்தாலே பிள்ளை அழுதது. முயலைக் கண்டும் அழுதது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1932-இல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவல் வெளிவந்தது. அந்த உலகத்தில் மனிதர்கள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, கண்ணாடிப் புட்டிகளில் வளர்கிறார்கள். எட்டு மாதக் குழந்தைகளை ரோஜாப் பூக்களுக்கும் படப் புத்தகங்களுக்கும் முன்னால் தவழவிடுகிறார்கள். குழந்தைகள் ஆசையாகப் பூவைத் தொட்டதும் சைரன் அலறுகிறது, தரையில் மின்சாரம் பாய்கிறது. இப்படி இருநூறு தடவை. பிறகு ஆயுள் முழுக்க அவர்களுக்குப் பூவும் புத்தகமும் ஆகாது.

“புத்தகம் சரி, படிச்சா கேள்வி கேப்பாங்க. பூவ எதுக்கு மாமா வெறுக்க வைக்கணும்?” என்றாள்.

நல்ல கேள்வி. பதில் அந்த நாவலிலேயே இருக்கிறது, வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பூவுக்கும் வயல்வெளிக்கும் காசு கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் சந்தோஷத்தால் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலை வராது. அதனால் இயற்கைமேல் இருக்கும் ஆசையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அங்கே ஆட்சியில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் இன்னொரு காட்சி. வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் புட்டிகளில் ஒரு அடுக்கு, நாளைக்கு ரசாயனத் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய தொழிலாளர்களின் கருக்கள். ஈயம், காஸ்டிக் சோடா, தார், குளோரின் ஆகியவற்றைத் தாங்கும்படி பிறப்பதற்கு முன்பே அவற்றைப் பழக்குகிறார்கள். அந்த இடத்தைப் படித்த இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். லண்டன் கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

தோலைப் பதனிடுவது என்கிறோம். ‘பதம்’ என்பது பாகுக்கும் சொல்கிற வார்த்தை, மண்ணுக்கும் சொல்கிற வார்த்தை. ஒரு பொருள் நமக்கு வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அக்கா மகளின் பாடத்தில் வரும் ‘கண்டிஷனிங்’ என்ற சொல்லுக்கு எங்கள் பாலாற்றுக் கரையிலேயே ஒரு தமிழ்ச் சொல் இருந்திருக்கிறது. அது தோலுக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், மனதுக்கு எப்படி நடக்கும் என்பது பாதி விளங்கிவிடும்.

பச்சைத் தோல் உப்புப் போட்டு மூட்டையாக வரும். உப்பில்லாமல் விட்டால் அழுகிவிடும். அழுகுவது தோலின் இயல்பு, அதை முதலில் நிறுத்தி வைக்கிறோம். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்கிறோம். அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போகிறது. அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ந்து மயிரை வேரோடு கழற்றிவிடும். இது ஆட்டுத் தோல், இது மாட்டுத் தோல், இது செவலை, இது மயிலை என்று பார்த்ததும் சொல்ல வைத்த அடையாளம் அங்கே போய்விடுகிறது. அடியில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுத்து, அமிலத்தில் போட்டு, கடைசியில் பெரிய மர டிரம்மில் குரோம் உப்போடு சுற்றவிடுவார்கள். ஒரு நாள் சுற்றினால் குரோம் தோலின் நாருக்குள் நாராகப் பிணைந்துவிடும். டிரம்மைத் திறந்தால் தோல் வெளிர்நீலமாக, ஈரமாகச் சரியும். அதற்கு மேல் எந்தச் சாயம் வேண்டுமானாலும் ஏற்றலாம். அழுகாது. மறுபடி பச்சைத் தோலாகவும் ஆகாது.

பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார்கள். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, திரும்ப அந்தக் கோட்டின் மேல் வைப்பார்கள். அரைகுறையாகப் பதனிட்ட தோல் சுருண்டு, கோட்டுக்கு உள்ளே ஒடுங்கிவிடும். நன்றாகப் பதனிட்டது கோட்டோடு அச்சாகப் பொருந்தும்.

டீக்கடை பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அவளுக்கு ஆர்வெல்லின் ‘1984’ நாவலைச் சொன்னேன். பீகாரில் மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர் அவர். அப்பா பிரிட்டிஷாரின் அபினி இலாகாவில் அதிகாரி. ஆர்வெல்லே ஐந்து வருடம் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, மனம் பொறுக்காமல் வேலையை விட்டவர். அதனால்தான் அவருடைய கொடுங்கோலர்களுக்கு அவ்வளவு உயிர். அந்த நாவலில் வின்ஸ்டன் என்பவனைப் பிடித்து வதைக்கிறார்கள். எதிரியாகவே அவனைக் கொன்றுவிடுவது அவர்களுக்கு எளிது. அப்படிக் கொல்லவே கூடாது என்கிறார்கள். முதலில் அவன் மாற வேண்டும், மனதார மாற வேண்டும். 101-ஆம் எண் அறையில் அவன் எதற்கு அதிகம் பயப்படுவானோ அதை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார்கள். அதுதான் கொதிதண்ணீர். கடைசியில் அவன் சுருங்குவதில்லை. தன்னை அழித்தவர்களையே நேசிக்கிறான்.

டீ வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். “டீ நல்லாக்கீதா?” என்று கேட்டேன். “எப்பவும் போலத்தான் கீது” என்றாள். கடைக்காரர் டீக்கு எங்கிருந்து தண்ணீர் ஊற்றினார் என்று பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருபது லிட்டர் கேன்கள் ஐந்தாறு அடுக்கியிருந்தன. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில் ஓடும் ஆறு, இந்தக் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அதன் கரையில் நின்று டீ போடுகிறவர் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறார். அவள் பிறந்ததிலிருந்து பார்ப்பது இதைத்தான். அவளுக்கு இது ஒரு செய்தியே இல்லை.

என் அக்காவுக்கு அப்படி இருக்கவில்லை. தோல் ஷாப்பு இல்லாத ஊரில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஆற்றோரக் கிராமத்துக்கு வந்த முதல் வாரம், அவள் போட்ட டீயில் பால் திரிந்துபோனது. பால் கெட்டது என்று நினைத்து மறுநாள் வேறு பால் வாங்கினாள். அதுவும் திரிந்தது. மூன்றாம் நாள் மாமியார், “பால்ல ஒண்ணும் இல்லம்மா, நம்ம கெணத்துத் தண்ணி அப்படித்தான்” என்று சொல்லியிருக்கிறார். அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லைக் கேட்டு அவள் அழுததாக எனக்குக் கடிதம் எழுதினாள். ஒரு வருடம் கழித்து நான் போனபோது, வீட்டுக்கு வந்த வேறொருவரிடம் அவளே அதே சொல்லைச் சொன்னாள். “நம்ம தண்ணி அப்படித்தான்.” பழக்குவதற்குச் சைரனும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு வருடம் போதும்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் கைக்குட்டையை எடுப்பார். நாங்கள் எடுப்பதில்லை. எந்த நாற்றத்தையும் மூக்கு சீக்கிரம் மறந்துவிடும், அது உடம்பின் பொதுவான வழக்கம். ஆனால் தோல் ஷாப்பில் ஒரு வாயு இருக்கிறது, அதன் வழக்கம் வேறு. ஹைட்ரஜன் சல்பைடு. சல்பைடு கலந்த கழிவில் அமிலம் பட்டாலும் வரும், தொட்டியின் அடியில் சேறு மக்கிக் கிடந்தாலும் வரும். அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கு வந்தால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். வாயு ஏறிக்கொண்டே இருக்கும், நாற்றம் மட்டும் நின்றுவிடும். தொட்டியில் இறங்கியவர் “நாத்தம் போயிடுச்சி” என்று நினைப்பார். ஐந்நூறு, எழுநூறு என்று போனால் கால் தடுமாறி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். தொட்டிச் சாவுகள் ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்றாக வருவது இதனால்தான்.

நாற்றம் நின்ற நேரம்தான் அந்தத் தொட்டியில் ஆபத்தான நேரம். ஒரு ஊரின் மனசாட்சிக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

யார் அந்தத் தொட்டியில் இறங்குகிறார்கள் என்பதையும் அவளை எழுதச் சொன்னேன். ஹக்ஸ்லியின் உலகத்தில் மேல்தட்டுக்கு ஆல்ஃபா என்று பெயர், அடித்தட்டுக்கு எப்சிலான். புட்டியில் இருக்கும்போதே பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்து அடித்தட்டை உண்டாக்குகிறார்கள். நமக்குப் புட்டி வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்புக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதை நம் ஊரில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்பே எல்லோரும் அறிவார்கள். அதை யாரும் அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்லி என் முப்பத்தோரு வருடத்தில் நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பையன்கள். வேலை செய்கிற இடத்திலேயே, கழிவுத் தொட்டிச் சுவருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவது அவர்களுக்குப் பழகியிருந்தது. அவர்களை அங்கே தூங்க விடுவது மற்றவர்களுக்குப் பழகியிருந்தது.

“இதெல்லாம் பழக்கம் மாமா. நேர்மை கெட்டுப்போறதுன்னு ரெண்டாவது பாதி இருக்குதே, அது?” என்றாள்.

அங்கேதான் நான் தயங்கினேன். ஊரைப் பற்றிப் பேசுவது சுலபம். இன்னொரு டீ சொல்லிவிட்டு, முதலில் மில்கிராம் என்பவரின் கதையைச் சொன்னேன். 1961-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். சாதாரண ஆட்களை அழைத்து, அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, கொடுப்பவருக்கு அது தெரியாது. மேசையில் முப்பது சுவிட்சுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பதினைந்து வோல்ட் கூடுதல். 1963-இல் வெளியான முதல் அறிக்கைப்படி நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கடைசிச் சுவிட்சு வரை, 450 வோல்ட் வரை போனார்கள். எடுத்த எடுப்பில் 450-ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் எழுந்து போயிருப்பார்களோ. பதினைந்து பதினைந்தாகப் போனதால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. போன சுவிட்சைவிட இது கொஞ்சம்தானே அதிகம்!

என் பதினைந்து வோல்ட் 1980-களின் கடைசியில் ஒரு ஐப்பசி இரவில் தொடங்கியது. நான் வேலை பார்த்த தோல் ஷாப்பின் பெயர் இங்கே வேண்டாம். மேலே நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் வரும் என்று பேச்சு. மேஸ்திரி வந்து, “ஆத்துல வெள்ளம் வருது, தொட்டியத் தெறந்து வுட்டுடலாம், அதோட போயிடும்” என்றார். திறந்தார்கள். மறுநாள் சுத்திகரிப்புப் பம்பு ஆறு மணி நேரம் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கை நடுங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மழைக்கு நடுங்கவில்லை. அதற்கடுத்து மழை இல்லாத நாளிலும் திறந்தார்கள். மூன்றாம் வருடம், மாதம் பிறக்கும்போதே அந்த மாதம் முழுவதற்குமான பம்பு நேரத்தை நான் எழுதி முடித்துவிடுவேன். ஒரே நாளில் எழுதியது என்று தெரியாமல் இருக்க இரண்டு மூன்று பேனா மாற்றுவேன். ஒரு நாள் ஐந்தே முக்கால், ஒரு நாள் ஆறேகால் என்று நேரத்தையும் மாற்றிப் போடுவேன். அதைத் திறமை என்று நினைத்தேன். தீபாவளிக்குப் போனஸ் வாங்கி என் அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா மகளுடைய அப்பா வீட்டுத் தென்னந்தோப்பு ஆற்றோரம், எங்கள் ஷாப்புக்குக் கிழக்கே, தண்ணீர் போகிற வழியில். குரும்பை உதிர்ந்தது, பிறகு மட்டை காய்ந்தது, கடைசியில் மரம் மரமாக வெட்டி விறகுக்குக் கொடுத்தார்கள். பால் திரிந்த அந்தக் கிணறும் அங்கேதான் இருந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்களுக்குத் தெரியுமா மாமா, அப்ப?” என்று கேட்டாள்.

தெரியும். தொட்டியில் என்ன இருந்தது என்று தெரியும், ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும், அக்கா வீடு எங்கே என்று தெரியும். மூன்றும் மூன்று இடத்தில் தெரிந்தது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, அதனால் சேர்க்காமல் வைத்துக்கொண்டேன். ஆர்வெல் ‘இரட்டைச் சிந்தனை’ என்று எழுதியதை விமர்சகர்கள் எப்படி எப்படியோ விளக்குகிறார்கள். எனக்கு அதன் பொருள் இதுதான்: தெரிந்ததையெல்லாம் ஒரே அறையில் வைக்காமல் இருக்கப் பழகுவது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரியும். நான் அந்த நிலையையும் தாண்டிப் போயிருந்தேன். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆட்டுத் தோல் தானாக டிரம்மில் போய் விழுவதில்லை, அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. குழியில் இறங்கியவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. பேனா என் கையில் இருந்தது. ஆகவே இந்த நாவல்களில் பழக்கப்பட்டவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து எழுதாதே என்று அவளிடம் சொன்னேன். எப்சிலான் வேறு, அந்தப் புட்டிகளுக்குக் கணக்கு எழுதியவன் வேறு.

உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1973-இல் ஓமலாஸ் என்றொரு நகரத்தைப் பற்றிச் சிறுகதை எழுதினார். கனவுபோல் அழகான நகரம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. எங்கோ ஒரு நிலவறையில் ஒரு குழந்தை பட்டினியிலும் அழுக்கிலும் அடைபட்டுக் கிடக்க வேண்டும். எல்லோருக்கும் அது தெரியும். சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். முதலில் அழுவார்கள், கொதிப்பார்கள். பிறகு ‘ஒரு குழந்தைக்காக ஊரையே கெடுப்பதா’ என்று நியாயம் கற்றுக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் அந்த நியாயத்துக்குப் பெயர் அந்நியச் செலாவணி. அது பொய்யும் இல்லை. நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது; டீக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அத்தனை பெண்களின் வீட்டு அடுப்பும் ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் எரிகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது இந்த நியாயத்தோடுதான் மோத வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 170 வகை ரசாயனம் போகிறது, 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்கு உதவாமல் போய்விட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிற தொழில் என்பதை ஒத்துக்கொண்டு, அதற்காகச் சூழலை அழிக்க உரிமை கிடையாது என்றார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் ‘வேலூர் வழக்கு’ என்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று என் கை மறுபடி நடுங்கியது. வழக்குப் போட்ட அந்த மன்றத்தில் ஒருவருக்கும் என்னைவிடக் கூர்மையான மூக்கு இருந்திருக்காது. நாற்றத்தை நாற்றம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவே வித்தியாசம். நாவல்களில் இப்படிப்பட்டவர்கள் கடைசியில் தோற்றுப்போவார்கள். வின்ஸ்டன் உடைகிறான், ஹக்ஸ்லியின் நாவலில் அந்த உலகத்துக்குப் பழக்கப்படாத ஜான் தூக்கில் தொங்குகிறான். தோலைப் போல மனமும் திரும்ப முடியாதபடி பதனாகிவிடும் என்று அந்த எழுத்தாளர்கள் பயந்தார்கள். இந்த ஓரிடத்தில் நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். மரத்த மூக்கு நல்ல காற்றுக்கு வந்தால் திரும்ப மோப்பம் பிடிக்கிறது. எனக்கு வர ஐந்தாறு வருடம் ஆனது, ஆனாலும் வந்தது. பதிவேட்டில் பொய் எழுத மாட்டேன் என்று சொன்ன நாளில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டுப் போகும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

இப்போது தொட்டிகளுக்கு மீட்டர் வந்துவிட்டது, கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. நல்லது. ஆனால் ஆண்டனி பர்ஜெஸ் 1962-இல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலில் கேட்டதை மறக்க வேண்டாம் என்றேன். கெட்டதை நினைத்தாலே வாந்தி வரும்படி ஒருவனை மருந்தால் மாற்றிவிட்டால், அவன் நல்லவன் ஆகிவிட்டானா? மீட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் சுத்தமாக இருக்கிற ஷாப்பைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

நோட்டில் நான்கு பக்கம் எழுதிவிட்டாள். “பேர் போடாம எழுதறேன் மாமா” என்றாள். பெயரைப் போட்டாலும் பரவாயில்லை என்றேன். அவள் போடவில்லை. எழுந்து போகும்போது கடைக்காரரிடம், “அண்ணே, கேன் எவ்ளோ?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வேலூர் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 என்று கணக்கெடுத்து, அவர்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தலைக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. அதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை, மாநில அரசைப் பார்த்து, பாக்கியை ஆறு வாரத்தில் கொடுங்கள், மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவிட்டது. 1991-இல் போட்ட மனுவுக்கு முப்பத்து நான்கு வருடம்.

பிரியாணிக்கோ ஷூவுக்கோ ஆம்பூர் வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆற்றோரக் கிராமம் ஏதாவது ஒன்றுக்குப் போய், கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். அது எப்படி இருக்கிறது என்று அங்கே நிற்பவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள். எங்கள் நாக்குக்கு இப்போது அது தெரிவதில்லை.